பழைய ஷட்டில் பயணத்தை அன்றைய கடிகாரத்தோடு பின்தொடர்வது எப்படி

1981 ஏப்ரல் 12 அன்று கொலம்பியா கிளம்பியதில் தொடங்கி, 2011 ஜூலை 21 அன்று அட்லாண்டிஸ் தரையிறங்கியது வரை அமெரிக்க விண்ணோடங்கள் (ஸ்பேஸ் ஷட்டில்கள்) 135 முறை ஏவப்பட்டன. இனி ஒன்று கிளம்பப்போவதில்லை. ஆனாலும் நேரலை ஒளிப்பதிவுகள், கட்டுப்பாட்டு அறையின் அன்றாட அறிக்கைகள், செய்தியாளர் சந்திப்புகள், அந்த நாள்களின் நாளிதழ்கள் என்று பெரும்பகுதி இணையத்தில் கிடக்கிறது. இவற்றை வைத்து ஒரு பயணத்தை, அது இன்று நடப்பது போலவே, நாளுக்கு நாள் பின்தொடரலாம். ஒரே ஒரு நிபந்தனை: முன்னால் எட்டிப் பார்க்கக் கூடாது. முடிவு தெரிந்துவிட்டால் ஒவ்வொரு தகவலையும் அந்த முடிவின் வெளிச்சத்தில்தான் படிப்போம். யாருக்கு எது எப்போது தெரிந்தது என்பதே இந்த வேலையின் உயிர்.

எந்தப் பயணத்தை எடுப்பது

விண்ணோடப் பயணங்களுக்கு நாசா இட்ட பெயர் எஸ்டிஎஸ், அதோடு ஓர் எண். முதல் முயற்சிக்கு எஸ்டிஎஸ்-114 மிகப் பொருத்தம். கொலம்பியா விபத்துக்குப் பின் பறந்த முதல் விண்ணோடப் பயணம் அது. டிஸ்கவரி 2005 ஜூலை 26 அன்று கிளம்பியது. உலக ஊடகங்களின் கண் முழுவதும் அதன் மேல் இருந்ததால் படிக்கப் பொருள் ஏராளம். தள்ளிப்போன ஏவுதல், எரிபொருள் தொட்டியின் மேற்பூச்சிலிருந்து உதிர்ந்த நுரை, விண்ணில் நடந்த பழுதுநீக்கம், வானிலையால் மாறிய தரையிறக்கம் என்று கற்றுக்கொள்ள வேண்டியவை எல்லாமே அந்த ஒன்றில் வந்துவிடுகின்றன. கீழே தரும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அதிலிருந்துதான்.

கல்பனா சாவ்லாவுக்காக இதில் இறங்குபவர்கள் 1997 நவம்பரில் கிளம்பிய எஸ்டிஎஸ்-87-ஐ அடுத்ததாக எடுக்கலாம். விடுவிக்கப்பட்ட ஸ்பார்ட்டன் செயற்கைக்கோள் சரியாக இயங்கவில்லை; எந்திரக் கையால் அதை மீண்டும் பிடிக்க முயன்றபோது சுழலத் தொடங்கியது. இரண்டு வீரர்கள் வெளியே வந்து அதைக் கையாலேயே பிடித்தார்கள். அந்த நாள்களில் பழி கல்பனாவை நோக்கித் திரும்பிய வேகத்தையும், மென்பொருள் இடைமுகத்திலும் குழு மற்றும் தரைக் கட்டுப்பாட்டின் செயல்முறைகளிலும்தான் பிழை என்று பிறகு வந்த விசாரணை முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எஸ்டிஎஸ்-51-எல் (சேலஞ்சர், 1986), எஸ்டிஎஸ்-107 (கொலம்பியா, 2003) இரண்டையும் முதலில் எடுக்காதீர்கள். இரண்டிலும் சேர்த்துப் பதினான்கு பேர் இறந்த பயணங்கள் அவை. சாதாரணப் பயணம் எப்படி ஒலிக்கும் என்று காது பழகிய பிறகுதான், அசாதாரணம் எங்கே தொடங்கியது என்று அவற்றில் கேட்க முடியும்.

எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. எஸ்டிஎஸ் எண் பறந்த வரிசையைக் காட்டாது. 107 பறந்தது 2003 ஜனவரியில். 113 அதற்கு முன்பே, 2002 நவம்பரில் பறந்துவிட்டது. 1984 முதல் 86 வரையிலான '41-பி' போன்ற பெயர்களில் முதல் இலக்கம் நிதியாண்டின் கடைசி எண், இரண்டாவது ஏவுதளம் (1 என்றால் புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையம்), எழுத்து அந்த ஆண்டுத் திட்டத்தில் அதன் வரிசை. தேடும்போது எண்ணோடு ஓடத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே தேடுங்கள்.

சேகரிக்க வேண்டியவை

பயணத்துக்கு முன் செய்தியாளர்களுக்காக வெளியான தகவல் தொகுப்பு, அதாவது பிரஸ் கிட்தான் முதல் ஆவணம். குழுவினர், சரக்கு, நாள்வாரித் திட்டம், விண்நடைகளின் நோக்கம், அவசரகாலத் தரையிறங்கு வழிகள் எல்லாம் அதில் இருக்கும். இது கிளம்பும் முன் எழுதப்பட்டது என்பதால், திட்டத்துக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் கோலாக இதைப் பயன்படுத்தலாம். அடுத்தது நாசா தொலைக்காட்சி அட்டவணை. பயணத்தின் நடுவே இது திருத்தப்பட்டு 'ரெவ் ஏ', 'ரெவ் பி' என்று எழுத்து ஏறிக்கொண்டே போகும். கையில் கிடைத்தது எந்தத் திருத்தம் என்று பார்க்காமல் நேரம் குறித்தால் எல்லாமே பிசகும்.

மூன்றாவது, ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையின் நிலை அறிக்கைகள். வரிசை எண் போட்டு வெளியானவை. இவற்றை மொத்தமாக இறக்கி, எண்ணை மட்டுமே கோப்புப் பெயராக வைத்து ஒரு உறையில் போடுங்கள். திறக்கும் நாள் வரும்வரை உள்ளே பார்க்க வேண்டாம். பிறகு ஏவுதல், தரையிறக்கம், விண்நடை ஒளிப்பதிவுகள்; செய்தியாளர் சந்திப்புகள்; அந்த வாரங்களின் நாளிதழ்கள். கலைக்களஞ்சியக் கட்டுரையைத் தொடவே கூடாது. அதன் முதல் பத்தியிலேயே முழுக்கதையும் இருக்கும்.

ஒளிப்பதிவில் தொலைக்காட்சிச் செய்தியாளரின் குரல் இல்லாமல் நாசாவின் வர்ணனையாளர் குரல் மட்டும் உள்ள பதிவைத் தேடுங்கள். செய்தியாளர் பேசிக்கொண்டே இருப்பார். ஓடத்திலிருந்து வரும் குரல் அடியில் அமுங்கிவிடும். நாசா வர்ணனையாளர் வீரர்கள் பேசத் தொடங்கியதும் நிறுத்திக்கொள்வார். ஓடம் ஏவுகோபுரத்தைத் தாண்டும்வரை கென்னடியிலிருந்து ஒரு குரல். தாண்டிய நொடியில் ஹூஸ்டனின் குரலுக்கு மாறும்.

கடிகாரங்கள்

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். ஒரே நிகழ்வுக்கு நான்கு நேரங்கள் ஆவணங்களில் வரும்.

ஏவுதல் செய்திகள் புளோரிடாவின் கிழக்கு நேரத்தில் இருக்கும். கோடையில் உலகப் பொது நேரமான யுடிசிக்கு 4 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 5. ஹூஸ்டன் அறிக்கைகள் மத்திய நேரத்தில், இன்னும் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் இறங்கினால் பசிபிக் நேரமும் சேரும். எஸ்டிஎஸ்-114 கிளம்பியது கிழக்கு நேரம் காலை 10:39; ஹூஸ்டனில் 9:39; யுடிசி 14:39. எல்லாவற்றையும் முதலில் யுடிசிக்கு மாற்றி எழுதுங்கள். உங்கள் ஊர் நேரம் கடைசியில் வரட்டும்.

நான்காவது எம்இடி, அதாவது பயணம் தொடங்கிக் கழிந்த நேரம். பூஸ்டர்கள், அதாவது பக்கவாட்டில் உள்ள இரண்டு திட எரிபொருள் ராக்கெட்டுகள், பற்றும் நொடியே அதன் சுழியம். 'நாள்/மணி:நிமிடம்' என்று எழுதுவார்கள். இதோடு 'ஃப்ளைட் டே' என்று இன்னொரு கணக்கு: அது வீரர்களின் தூக்கத்தை வைத்து எண்ணப்படுவது, 1-ல் தொடங்குவது. எம்இடியின் நாளோ 0-ல் தொடங்குகிறது. டிஸ்கவரி விண்வெளி நிலையத்தோடு இணைந்தது ஜூலை 28 காலை, கிழக்கு நேரம் 7 மணிக்குச் சற்றுப் பின். அது மூன்றாம் ஃப்ளைட் டே. எம்இடியில் அது 1 நாள் 20 மணி நேரத்துக்குச் சற்று மேல். 'மூன்றாம் நாள்' என்று செய்தியில் வருவதும் 01/20 என்று பதிவில் வருவதும் ஒரே நிகழ்வுதான்.

கவுண்ட்டவுனிலும் இரண்டு கணக்குகள். 'டி மைனஸ்' என்பது நிறுத்தி நிறுத்தி ஓடும் கடிகாரம். 'எல் மைனஸ்' என்பது ஏவுதலுக்கு உண்மையில் மீதமிருக்கும் நேரம். டி மைனஸ் 43 மணியில் தொடங்கும் எண்ணிக்கை, இடையில் வைத்த நிறுத்தங்களால் மூன்று நாளுக்கு நீளும். டி மைனஸ் 9 நிமிடத்தில் மட்டும் வழக்கமாக முக்கால் மணி நேரம் நிற்கும். பதிவில் '9 நிமிடம்' என்று பார்த்துத் தேநீர் போடாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நிறுத்தத்தின் முடிவில் வரும் 'கோ, நோ கோ' வாக்கெடுப்புக்குத் திரும்பி வந்தால் போதும்.

குறிப்பேடு

நான்கு பத்திகள்: யுடிசி, எம்இடி, யார் சொன்னது, என்ன சொன்னார். ஐந்தாவதாக ஓரத்தில் ஒரு குறுகிய இடம். அதில் பென்சிலால் உங்கள் ஊகம். ஊகத்தைப் பேனாவால் எழுதினால் இரண்டு நாளில் அது தகவலாக உருமாறிவிடும்.

நாளிதழ்ச் செய்தியை இதழின் தேதியில் பதியாதீர்கள். காலை இதழ் முந்தைய இரவே அச்சுக்குப் போயிருக்கும். கிழக்கு நாடுகளின் இதழ்களில் தேதியே ஒன்று தள்ளி நிற்கும். செய்திக்குள் இருக்கும் கடைசி நிகழ்வு எது என்று பார்த்து அந்த மணிக்கு எதிரே எழுதுங்கள். இதைச் செய்யாமல்தான் பலர், 'அறிக்கை காலையிலேயே சொன்னதை நாளிதழ் மறைத்துவிட்டது' என்று முடிவுக்கு வருகிறார்கள். அச்சுக்குப் போன நேரத்தில் அந்த அறிக்கையே வந்திருக்காது.

அலகுகளையும் கவனியுங்கள். வர்ணனையாளர் 'மைல்' என்று சொல்வது சிலசமயம் கடல் மைல் (1.85 கிலோமீட்டர்), சிலசமயம் தரை மைல் (1.61). மாற்றாமல் சொன்னபடியே எழுதிவிட்டு, பக்கத்தில் எந்த மைல் என்று குறியுங்கள்.

ஏவும் நாள்

ஏவும் நேரம் ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். விண்வெளி நிலையத்தின் சுற்றுப்பாதைத் தளத்துக்குள் ஏவுதளம் சுழன்று வரும் கணத்தில்தான் கிளம்ப முடியும். அதனால் கிளம்பக்கூடிய இடைவெளி (சாளரம்) பத்து நிமிடம்தான், நடுப்புள்ளியே இலக்கு. அந்தத் தளம் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதால் நேரம் தினமும் முன்னால் வரும். எஸ்டிஎஸ்-114 முதலில் கிளம்ப இருந்தது ஜூலை 13 மதியம் 3:51. கிளம்பியது ஜூலை 26 காலை 10:39. இடையில் 13 நாள்; கடிகார நேரம் 312 நிமிடம் முன்னால் வந்திருக்கிறது. நாளுக்கு 24 நிமிடம். தள்ளிப்போன ஒரு பயணத்தின் அடுத்த நேரத்தை அறிவிப்பு வரும் முன்பே இப்படிக் குறித்துவைத்து, சரிபார்க்கலாம்.

ஜூலை 13-ஐயும் விட்டுவிடாதீர்கள். ஏவுவதற்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் முன்பு அது நிறுத்தப்பட்டது. ஹைட்ரஜன் தொட்டியின் அடியில் உள்ள நான்கு உணரிகளில் ஒன்று சரியாக வேலை செய்யவில்லை. எரிபொருள் தீரும் முன் எஞ்சினை அணைக்கச் சொல்வது அவற்றின் வேலை. தொட்டி வற்றிய பிறகும் எஞ்சின் ஓடினால் அதன் டர்போ பம்புகள் சிதறும். 'சிறு உணரிக்காக ஏன் நிறுத்தினார்கள்' என்று கேட்கும் செய்திகளைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

டி மைனஸ் 9 நிமிடத்திலிருந்து தரைக் கணினி ஓட்டுகிறது. 7 நிமிடம் 30 நொடியில் வீரர்கள் ஏறிய பாலம் விலகும். 5 நிமிடத்தில் ஹைட்ராலிக் சக்திக்கான துணை எஞ்சின்கள் கிளம்பும். 31 நொடியில் பொறுப்பு ஓடத்தின் கணினிகளுக்குக் கைமாறும். 6.6 நொடியில் மூன்று முதன்மை எஞ்சின்கள் ஒவ்வொன்றாகப் பற்றும். அந்த உந்தலில் ஓடமும் தொட்டியும் பூஸ்டர்களும் சேர்ந்து சற்றே சாய்ந்து, நிமிரும். ஒளிப்பதிவை மெதுவாக ஓட்டினால் இது கண்ணுக்குத் தெரியும். சரியாக நிமிரும் நொடியில் பூஸ்டர்கள் பற்றும். அதன் பிறகு நிறுத்த வழியில்லை.

31 நொடியில் நின்றதைப் பார்க்க வேண்டுமானால் கடைசிப் பயணமான எஸ்டிஎஸ்-135-ஐப் போட்டுப் பாருங்கள். தொட்டியின் உச்சியில் இருந்த ஆக்சிஜன் போக்கிக் கை முழுதாக விலகிவிட்டதா என்ற உறுதி கிடைக்கவில்லை. கேமராவைத் திருப்பிக் கண்ணால் பார்த்து உறுதிசெய்தார்கள். 11:26:46-க்குக் கிளம்ப வேண்டியது 11:29:04-க்குக் கிளம்பியது. அந்த 2 நிமிடம் 18 நொடியில் ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. பத்து முறை கேட்கத் தகுந்த பதிவு.

மேலேறும்போது காதில் விழவேண்டிய சொற்கள் சில. 'ரோல் ப்ரோகிராம்': கோபுரத்தைத் தாண்டியதும் ஓடம் சுழன்று தன் திசைக்குத் திரும்புகிறது. 'கோ அட் த்ராட்டில் அப்': காற்றழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது குறைத்துவைத்த எஞ்சின் விசையை மீண்டும் கூட்டுகிறார்கள், ஒரு நிமிடத்துக்குச் சற்றுப் பின். இரண்டு நிமிடத்தில் பூஸ்டர்கள் பிரியும். நான்கு நிமிடத்தருகே 'நெகட்டிவ் ரிட்டர்ன்': இனி புளோரிடாவுக்குத் திரும்ப முடியாது என்று பொருள், ஆபத்து என்று பொருளில்லை. எட்டரை நிமிடத்தில் 'மீகோ': முதன்மை எஞ்சின்கள் அணைகின்றன.

பார்வையாளர்கள் எடுத்த பதிவை இவற்றோடு ஒத்திசைக்கும்போது ஒலியை நம்பாதீர்கள். செய்தியாளர் திடலிலிருந்து 39ஏ தளம் 5.6 கிலோமீட்டர். ஓசை வந்து சேர ஏறத்தாழ 16 நொடி. தீப்பிழம்பு தெரியும் சட்டகத்தை வைத்தே நேரம் பொருத்துங்கள்.

செய்தியைப் படிப்பது

முன்னும் பின்னும் நடந்த இரண்டு விஷயங்களைக் காரணமும் விளைவுமாகக் கட்டிவிடுவதுதான் அடிக்கடி வரும் பிழை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சரிலிருந்து வந்த கடைசிச் சொற்கள் 'கோ அட் த்ராட்டில் அப்' என்ற கட்டளைக்கான பதில். அதனால் விசையைக் கூட்டியதுதான் காரணம் என்று பலர் எண்ணினார்கள். காரணமோ வலது பூஸ்டரின் மூட்டில், குளிரில் இறுகிப்போன ரப்பர் வளையத்தில் இருந்தது. கிளம்பிய நொடியிலேயே அந்த மூட்டில் கரும்புகை வந்தது படத்தில் பதிவாகியிருந்தது.

அதே பதிவில் இன்னொன்று. 73-வது நொடியில் ஓடம் சிதறிய பின்னும் வர்ணனையாளர் வேகத்தையும் உயரத்தையும் அமைதியாக வாசித்துக்கொண்டிருப்பார். அவர் கண் எண்கள் ஓடும் திரையில் இருந்தது. வானத்தில் நடந்ததை அவர் அந்த நொடியில் பார்த்திருக்கவில்லை. சொல்பவர் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்ற கேள்வியை ஒவ்வொரு வரிக்கும் எதிரே எழுதிப் பழக வேண்டும். 'யார் சொன்னது' என்ற பத்தி அதற்குத்தான்.

சொற்கள் இடம் மாறுவதையும் பிடியுங்கள். 2005 ஜூலை 27 அன்று, விண்ணோடங்கள் 'நிறுத்திவைக்கப்பட்டன' என்று செய்தி வந்தது. தலைப்பை மட்டும் படித்தவர்கள் மேலே இருந்த டிஸ்கவரிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தார்கள். நிறுத்தப்பட்டவை அடுத்த பயணங்கள். வெளித் தொட்டியிலிருந்து நுரைப் பொருள் ஒரு பெரிய துண்டாக உதிர்ந்திருந்தது, ஏறத்தாழ 400 கிராம். அது பிரிந்தது கிளம்பி இரண்டு நிமிடம் கழித்து. கொலம்பியாவின் இடது சிறகைத் தாக்கிய துண்டு பிரிந்தது 82-வது நொடி வாக்கில். அங்கே காற்று இன்னும் அடர்த்தி: இலேசான துண்டைக் காற்று சட்டென்று தடுத்து நிறுத்த, பின்னால் விரைந்து வந்த சிறகு மணிக்கு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வேக வித்தியாசத்தில் அதன் மேல் மோதியது. இரண்டு நிமிட உயரத்தில் தடுக்கும் அளவுக்குக் காற்றே இல்லை. இரண்டு நுரைத் துண்டுகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். எடையை மட்டும் ஒப்பிட்ட செய்திகள் இதைத் தவறவிட்டிருக்கும்.

சுற்றுப்பாதை நாள்கள்

இரண்டாம் நாள், ஓடத்தின் எந்திரக் கையோடு இணைத்த நீண்ட கழியால் சிறகு முனைகளையும் மூக்கையும் ஆராய்வார்கள். மூன்றாம் நாள் இணைவதற்கு முன், நிலையத்துக்கு 180 மீட்டர் கீழே ஓடம் ஒரு முழுக் குட்டிக்கரணம் அடிக்கும். நிலையத்தில் இருப்பவர்கள் 400, 800 மில்லிமீட்டர் லென்சுகளால் அதன் வயிற்றைப் படமெடுப்பார்கள். இதை முதலில் செய்தது எஸ்டிஎஸ்-114-இல், ஐலீன் காலின்ஸ். பயணத்தின் மிக அழகான காட்சி இதுதான். வேகப்படுத்தாமல் முழுதாகப் பாருங்கள்.

அந்தப் படங்களில்தான் வயிற்றில் பதித்த வெப்பத் தடுப்பு ஓடுகளுக்கு இடையிலிருந்து துருத்திய இரண்டு துணிப் பட்டைகள் தெரிந்தன. இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். ஆனால் திரும்பும்போது வயிற்றை ஒட்டி வழுவழுப்பாக ஓடும் காற்றுப் படலம் அந்த நீட்டலில் இடறி முன்கூட்டியே கலங்கினால், அதன் பின்னால் உள்ள ஓடுகள் கூடுதலாகச் சூடேறும். எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் எடுத்துவிட முடிவு செய்தார்கள். ஆகஸ்ட் 3 அன்று ஸ்டீபன் ராபின்சன் நிலையத்தின் எந்திரக் கையில் நின்றபடி ஓடத்தின் அடியில் போய், விரலால் மெல்ல இழுத்தார். இரண்டும் வந்துவிட்டன. வெட்டுவதற்காகக் கொண்டுபோன ரம்பத்துக்கு வேலையே இல்லை. அன்றைய நிலை அறிக்கையையும் அதற்கு முந்தைய மூன்று நாள் தலைப்புகளையும் ஒரே பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

சத்தமில்லாத நாள்கள் பல இருக்கும்: சரக்கு மாற்றுவது, தண்ணீர்ப் பைகள் நிரப்புவது. அறிக்கையை மட்டும் படித்துவிட்டு இரண்டு வரி எழுதினால் போதும்.

திரும்புதல்

தரையிறங்கும் நாளில் பார்க்க வேண்டிய கணம் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வரும். வேகத்தைக் குறைக்க எஞ்சின்களை ஏறத்தாழ மூன்று நிமிடம் எரிப்பார்கள். அதற்கு அனுமதி தரும் வரை எல்லாவற்றையும் மாற்றலாம்; எரித்த பின் திரும்ப முடியாது. 122 கிலோமீட்டர் உயரத்தில் காற்றைத் தொட்டபின் அது எஞ்சின் உந்தலில்லாத ஒரு கிளைடர். ஒரே வாய்ப்பு. அதனால்தான் மேகத்துக்கும் மழைக்கும் அவ்வளவு கடுமையான விதிகள். ஆகஸ்ட் 8 அன்று கென்னடியில் தாழ்ந்த மேகங்களால் தள்ளிப்போட்டு, மறுநாளும் அங்கே வானிலை சரியில்லாததால் எட்வர்ட்ஸுக்குத் திருப்பினார்கள். ஒவ்வொரு வாய்ப்புக்கும் எரிப்பு நேரத்தை முன்கூட்டியே ஏட்டில் குறித்து, கைவிட்டால் அதை அடித்துவிட்டு அடுத்ததை எழுதுங்கள். அன்றைய காத்திருப்பு அப்போதுதான் கையில் தட்டுப்படும்.

சக்கரம் தரையைத் தொட்டது ஆகஸ்ட் 9, யுடிசி 12:11. எம்இடி 13/21:32. உங்கள் ஏட்டின் கணக்கு இதிலிருந்து ஒரு மணி நேரம் பிசகினால், எங்கோ ஹூஸ்டன் நேரத்தைப் புளோரிடா நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். பின்னால் போய்த் தேடுங்கள். பிறகு நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டுவையுங்கள்: நுரையைப் பற்றிய ஆய்வு அதற்குப் பின்னும் மாதக்கணக்கில் தொடர்ந்தது. நுரை உதிர்ந்த இடமான காற்றுத் தடுப்புச் சரிவுகளே இல்லாத தொட்டியோடு அடுத்த பயணம், எஸ்டிஎஸ்-121, கிளம்பியது 2006 ஜூலை 4 அன்று.